ஓவிய மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது எப்படி?

கிரிட்டா நல்லதா, புரோகிரியேட் நல்லதா, ஃபோட்டோஷாப்புக்குச் சந்தா கட்டலாமா? டிஜிட்டலில் வரையத் தொடங்கும் எவரும் முதலில் கேட்பது இதைத்தான். பதில்களும் உடனே வந்து குவியும். இதில் நூற்றுக்கணக்கில் பிரஷ் இருக்கிறது, அது 8192 அழுத்த நிலைகளை ஏற்கும், இன்னொன்று இலவசம். சொல்லப்படுவது எதுவும் பொய்யில்லை. ஆனால் உங்கள் கை இழுத்த கோடு திரைக்கு வந்து சேரும் வழியில் என்ன நடக்கிறது என்பதை இந்தப் பட்டியல்கள் சொல்வதில்லை. வரைபவருக்கு அதுதான் எல்லாம். அந்த வழி புரிந்துவிட்டால் யாரையும் கேட்காமல், ஒரு மாலைப் பொழுதில், உங்கள் கணினியில் உங்கள் கையாலேயே ஒரு மென்பொருளை எடைபோட முடியும்.

பேனா அனுப்புவது புள்ளிகளை மட்டும்

புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் புள்ளி வைத்துவிட்டுப் போகிறார். இன்னொருவர் வந்து அவற்றைச் சுற்றி வளைவு இழுக்கிறார். புள்ளிகள் ஒன்றே. ஆனால் இழுப்பவர் மாறினால் வளைவின் அழகும் மாறும்.

டேப்லெட்டும் (பேனாவால் வரையும் பலகை) மென்பொருளும் இப்படித்தான் வேலையைப் பிரித்துக்கொள்கின்றன. பேனாவை நகர்த்தும்போது டேப்லெட் நொடிக்கு நூறு, இருநூறு முறை சில எண்களை அனுப்புகிறது: முனை இருக்கும் இடம், அழுத்தத்தின் அளவு, சில பேனாக்களில் சாய்வும்கூட. கோடு என்று ஒன்று அங்கே இல்லை. புள்ளிகளை வாங்கிக் கோடாக்கும் பகுதிக்கு பிரஷ் எஞ்சின் என்று பெயர்.

நொடிக்கு 200 புள்ளி அனுப்பும் டேப்லெட்டில் கால் நொடியில் ஒரு பெரிய வட்டம் போட்டால் மென்பொருளுக்குக் கிடைப்பது 50 புள்ளிகள். நல்ல எஞ்சின் அவற்றுக்கு நடுவே வளைவைக் கணித்து நிரப்பும். சுமாரானது புள்ளிக்குப் புள்ளி நேர்கோடு போட்டுவிடும். வட்டம் பலகோணமாகத் தெரியும். ஆகவே முதல் சோதனை இதுவே: மெல்லிய பிரஷ் ஒன்றை எடுத்து, கேன்வாஸ் முழுக்கப் பெரிய வட்டங்களை வேகவேகமாகப் போட்டு, பெரிதாக்கிப் பாருங்கள். மூலைகள் தெரிகின்றனவா?

அடுத்து, அளவுகோலை வைத்து ஒரு சாய்வான கோட்டை மிக மெதுவாக இழுங்கள். கோடு அலையலையாக வந்தால் கோளாறு பெரும்பாலும் டேப்லெட்டில்தான். வேறு இரண்டு மென்பொருள்களிலும் அதே அலை வந்தால் சந்தேகமே வேண்டாம். மென்பொருளைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பிரித்தறிந்துவிடுவது பின்னால் நிறைய அலைச்சலை மிச்சமாக்கும்.

8192 என்ற எண்

தண்ணீர்க் குழாயின் திருகை எத்தனை நுணுக்கமாகத் திருப்ப முடிகிறது என்பது ஒன்று. திருகத் தொடங்கியதும் தண்ணீர் சொட்டுகிறதா, பாதித் திருகு வரை ஒன்றும் வராமல் பிறகு பீறிடுகிறதா என்பது வேறொன்று. அழுத்த நிலைகளின் எண்ணிக்கை முதல் வகை. கையில் உணரப்படுவது இரண்டாவது வகை.

வழக்கமான 8 பிட் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 நிலைகள்தான் இருக்கின்றன. அழுத்தத்தை அடர்த்தியுடன் இணைத்து வரையும்போது 4096 நிலைகளுக்கும் 8192 நிலைகளுக்கும் உள்ள வேறுபாடு அந்த 256-க்குள் கரைந்துவிடும். பார்க்க வேண்டியது அழுத்த வளைவை. இவ்வளவு அழுத்தினால் இவ்வளவு தடிமன் என்று சொல்லும் வரைபடம் அது. கிரிட்டா, கிளிப் ஸ்டுடியோ பெயிண்ட், புரோகிரியேட் மூன்றிலும் அதை மாற்றியமைக்கலாம். மெதுவாக அழுத்துபவர் வளைவை மேல்நோக்கி வளைக்க வேண்டும். கை கனமானவர் கீழ்நோக்கி. வளைவைத் தொடாமல் வரைந்து பார்த்துவிட்டு "இந்த பிரஷ் எனக்கு ஒத்துவரவில்லை" என்பது, செருப்பின் வாரைச் சரிசெய்யாமலே அளவு தப்பு என்று திருப்பிக் கொடுப்பது போன்றது.

விண்டோஸில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. டேப்லெட்டின் எண்கள் மென்பொருளுக்கு வர இரண்டு வழிகள் உண்டு: விண்டேப், விண்டோஸ் இங்க். டேப்லெட்டின் டிரைவர் ஒன்றிலும் மென்பொருள் மற்றொன்றிலும் இருந்தால் அழுத்தமே வேலை செய்யாது. கோடு ஒரே தடிமனில் வரும். கிரிட்டாவில் இதை மாற்ற டேப்லெட் அமைப்புகளில் இடம் இருக்கிறது. மாற்றியபின் மூடித் திறக்க வேண்டும். பேனாவை வைத்த இடத்தில் சின்ன வளையம் தோன்றி, கோடு சற்றுத் தாமதித்துத் தொடங்கினால், அது விண்டோஸின் அழுத்திப் பிடித்தால் வலது கிளிக் என்னும் வசதி. அதை அணைத்துவிட்டால் போய்விடும். இந்த இரண்டு கோளாறுகளுக்காக எத்தனையோ பேர் நல்ல மென்பொருள்களைத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள்.

பிரஷ் என்பது ஒரு ரப்பர் ஸ்டாம்ப்

திரையில் தொடர்ச்சியாகத் தெரியும் தீற்றல் உண்மையில் வரிசையாகக் குத்திய முத்திரைகள். ஒரு வட்டமான ரப்பர் ஸ்டாம்பை மையில் தொட்டு, சிறிது சிறிதாக நகர்த்திக் குத்திக்கொண்டே போனால் பட்டையான கோடு கிடைக்கும் அல்லவா? பெரும்பாலான பிரஷ்கள் அவ்வளவுதான். முத்திரையின் வடிவம் வட்டமா, இலையா, மயிர்க்கற்றையா என்பதை வைத்து பிரஷ்ஷின் குணம் மாறுகிறது.

இரண்டு குத்துகளுக்கு இடையிலான தூரம் ஸ்பேசிங். அதை முத்திரையின் விட்டத்தில் இத்தனை சதவீதம் என்று சொல்வார்கள். 100 பிக்சல் பிரஷ்ஷில் ஸ்பேசிங் 25 சதவீதம் என்றால் 25 பிக்சலுக்கு ஒரு குத்து. 1000 பிக்சல் நீளக் கோட்டுக்கு 40 குத்துகள். ஓரத்தில் முத்துக்கோர்த்தது போன்ற பிசிறு தெரிகிறது என்று ஸ்பேசிங்கை 5 சதவீதமாக்கினால் அதே கோட்டுக்கு 200 குத்துகள். கணினிக்கு ஐந்து மடங்கு வேலை. பிரஷ்ஷின் விட்டத்தைப் பத்து மடங்காக்கினால் ஒவ்வொரு குத்தும் நூறு மடங்கு பிக்சல்களைத் தொட வேண்டும். பெரிய பிரஷ்ஷில் கோடு கைக்குப் பின்னால் தவழ்ந்து வருவதன் காரணம் இதுதான்.

இதனால் ஒரு மென்பொருளின் வேகத்தைச் சின்ன பேனா பிரஷ்ஷில் சோதிப்பதில் பயனில்லை. எல்லாமே அதில் பறக்கும். நீங்கள் வானத்தையோ சுவரையோ நிரப்பப் பயன்படுத்தப்போகும் 500, 800 பிக்சல் பிரஷ்ஷை, முழு அளவு கேன்வாஸில், ஏற்கெனவே பத்து லேயர், அதாவது பத்து அடுக்கு, இருக்கும் படத்தில் ஓட்டிப் பாருங்கள்.

ஆப்பாசிட்டி, ஃப்ளோ: அதிகம் குழப்பும் இரட்டையர்

சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது ஒரு கோட்டிங் என்பது ஒரு கணக்கு. அந்தக் கோட்டிங்குக்குள் மட்டை எத்தனை முறை ஒரே இடத்தைத் தடவியது என்பது வேறு கணக்கு. ஆப்பாசிட்டி கோட்டிங்குக்கு உரிய உச்சவரம்பு. ஃப்ளோ ஒவ்வொரு தடவலிலும், அதாவது ஒவ்வொரு குத்திலும், இறங்கும் அளவு.

ஆப்பாசிட்டி 50 சதவீதம் வைத்து, பேனாவை எடுக்காமல் ஒரே இடத்தில் எத்தனை முறை தேய்த்தாலும் 50-ஐத் தாண்டாது. பேனாவை எடுத்து மறுபடி வைத்தால் மீதி 50-இல் பாதி சேர்ந்து 75 ஆகும். ஃப்ளோ 10 சதவீதம் என்றால் ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்துக் குத்து விழுந்த இடத்தில் அடர்த்தி 65 சதவீதத்தை எட்டிவிடும், இருபது விழுந்தால் 88.

இப்போது ஸ்பேசிங்கை இதோடு சேர்த்துப் பாருங்கள். குத்துகள் நெருங்கினால் ஒரே இடத்தில் விழும் எண்ணிக்கை கூடும், நிறம் கருக்கும். ஒரு மென்பொருளின் பிரஷ்ஷை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும்போது "அதே பிரஷ், ஆனால் அதே மாதிரி இல்லை" என்று தோன்றுவது பிரமை கிடையாது. ஃபோட்டோஷாப்பின் ஏபிஆர் பிரஷ் கோப்பைப் பல மென்பொருள்கள் திறக்கும். முத்திரை வடிவம் வந்துவிடும். அழுத்தத்துக்கும் ஃப்ளோவுக்கும் இருந்த உறவு அப்படியே வருமென்று நம்பக் கூடாது. இருநூறு பிரஷ்களை இலவசமாக இறக்கிச் சேர்ப்பதைவிட, மென்பொருளோடு வரும் ஒரு வட்ட பிரஷ்ஷை எடுத்து இந்த மூன்று எண்களை மாற்றி மாற்றி ஒரு மணி நேரம் வரைவதே மேல்.

இதுவரை பார்த்தது: டேப்லெட் புள்ளிகளைத் தருகிறது. பிரஷ் எஞ்சின் அவற்றுக்கு நடுவே வளைவைக் கணித்து, ஸ்பேசிங் சொல்லும் இடைவெளியில் முத்திரை குத்துகிறது. ஒவ்வொரு குத்தின் அளவு ஃப்ளோ, ஒரு தீற்றலின் வரம்பு ஆப்பாசிட்டி.

நடுக்கமும் தாமதமும்

சின்னப் பிள்ளைகள் பொம்மை வண்டியைக் கயிறு கட்டி இழுத்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளை இங்கும் அங்கும் ஆடினாலும் வண்டி அதிகம் ஆடாமல் பின்னால் வரும். ஸ்டெபிலைசர் செய்வது இதையே. கோடு பேனா முனையை நேராகப் பின்தொடராமல், கடைசிச் சில புள்ளிகளின் சராசரியைப் பின்தொடர்கிறது. ஃபோட்டோஷாப்பில் இது ஸ்மூத்திங், புரோகிரியேட்டில் ஸ்ட்ரீம்லைன். கை நடுக்கம் மறையும். ஆனால் கயிறு நீளமானால் வண்டி திருப்பத்தில் குறுக்கே போவதுபோல, கூர்மையான மூலைகளும் மழுங்கும்; கோடும் பேனாவுக்குப் பின்தங்கும்.

இந்தப் பின்தங்கலைத் தாமதத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வதுதான் பலரும் செய்யும் தவறு. தாமதம் என்பது பேனா அசைந்ததற்கும் திரை மாறியதற்கும் இடையே வன்பொருளும் மென்பொருளும் எடுத்துக்கொள்ளும் நேரம். கை நொடிக்கு 30 செ.மீ. வேகத்தில் போகும்போது 50 மில்லிநொடி தாமதம் இருந்தால் கோடு ஒன்றரை செ.மீ. பின்னால் இருக்கும். 60 ஹெர்ட்ஸ் திரையில் படம் மாறவே 16.7 மில்லிநொடிக்கு ஒரு முறைதான் வாய்ப்பு. அதை எந்த மென்பொருளாலும் குறைக்க முடியாது.

சோதனை எளிது. முதலில் ஸ்டெபிலைசரைச் சுழியத்தில் வையுங்கள். சில மென்பொருள்களில் அது ஒவ்வொரு பிரஷ்ஷுக்குள்ளும் தனித்தனியாக ஒளிந்திருக்கும், அங்கேயும் பாருங்கள். பிறகு முன்னும் பின்னும் வேகமாகக் கிறுக்குங்கள். திரையிலேயே வரையும் டேப்லெட் என்றால் ஃபோனில் 240 ஃபிரேம் மெது இயக்கத்தில் படம் பிடித்து, முனை ஓரிடத்தைக் கடந்ததிலிருந்து கோடு அங்கே வந்து சேரும் வரை எத்தனை ஃபிரேம் என்று எண்ணலாம். ஒரு ஃபிரேம் ஏறத்தாழ 4 மில்லிநொடி. இரண்டு மென்பொருள்களை ஒரே கணினியில் இப்படி அளந்தால் எது தாமதிக்கிறது என்று வாக்குவாதமே தேவைப்படாது.

கேன்வாஸ், லேயர், நினைவகம்

டிபிஐ பற்றிய தவறான எண்ணத்தை முதலில் தள்ளிவிடலாம். 2480 × 3508 பிக்சல் படத்தில் டிபிஐ 72 என்று எழுதியிருந்தாலும் 300 என்று எழுதியிருந்தாலும் படம் ஒன்றே. அந்த எண் அச்சு இயந்திரத்துக்குச் சொல்லும் குறிப்பு: ஒரு அங்குலத்தில் இத்தனை பிக்சலை அடை. 300 என்றால் இந்தப் படம் ஏ4 தாளை நிரப்பும்.

லேயர் என்பது கண்ணாடித் தாள்களை அடுக்கி, கோடு ஒன்றில், நிறம் ஒன்றில், நிழல் ஒன்றில் என்று வரைவது. ஒவ்வொரு தாளுக்கும் நினைவகத்தில் இடம் வேண்டும். மேற்சொன்ன ஏ4 படத்தில் சுமார் 87 லட்சம் பிக்சல்கள். பிக்சல் ஒன்றுக்குச் சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகும் தன்மை என்று 4 பைட். ஆக ஒரு லேயருக்கு ஏறத்தாழ 35 எம்பி. முப்பது லேயர் நிரம்பினால் 1 ஜிபியைத் தாண்டும். 16 பிட் நிறத்துக்கு மாறினால் இரு மடங்கு. டிபிஐயை 600 ஆக்கி நீளம் அகலம் இரண்டையும் இரட்டித்தால் நான்கு மடங்கு. அண்டூவுக்கும் இதே நினைவகத்திலிருந்துதான் இடம் எடுக்கப்படும்.

நினைவகம் தீரும்போது மென்பொருள்கள் வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன; ஒப்பிடும்போது இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். புரோகிரியேட் கேன்வாஸ் அளவையும் ஐபேடின் நினைவகத்தையும் பொறுத்து லேயர் எண்ணிக்கைக்கே வரம்பு போட்டுவிடுகிறது. கேன்வாஸை உருவாக்கும்போதே அந்த வரம்பைக் காட்டும். கிரிட்டா, ஃபோட்டோஷாப் போன்றவை மீதியை வட்டில் எழுதத் தொடங்கும். படம் நிற்காது, ஆனால் ஒவ்வொரு தீற்றலும் திக்கும். 8 ஜிபி கணினி வைத்திருப்பவர் பிரௌசரை மூடிவிட்டு வரைந்தாலே வித்தியாசம் தெரியும்.

உங்கள் வேலை எந்த அளவுக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள். வலைப்பதிவுக்கும் ஃபோன் திரைக்கும் மட்டும் வரைபவருக்கு 2000 பிக்சல் தாராளம். அவருக்கு இந்தப் பகுதியில் எந்த மென்பொருளும் தோற்காது. புத்தக அட்டையும் சுவரொட்டியும் வரைபவர் இதில் கறாராக இருக்க வேண்டும்.

மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் என்ன வரும்?

பச்சை என்று பள்ளியில் படித்தோம். முழு மஞ்சளையும் முழு நீலத்தையும் பாதிப் பாதியாகக் கலந்து பாருங்கள். பெரும்பாலான மென்பொருள்களில் சாம்பல் வரும். இது பிழையல்ல. மஞ்சள் என்பது சிவப்பு 255, பச்சை 255, நீலம் 0. நீலம் என்பது 0, 0, 255. சராசரி எடுத்தால் மூன்றும் சுமார் 128. அது நடுத்தரச் சாம்பல். கணினி எண்களைச் சராசரி எடுக்கிறது. உண்மையான சாயத் துகள்களோ ஒளியின் சில பகுதிகளை உறிஞ்சி, சிலவற்றைச் சிதறடிக்கின்றன. அந்தக் கணக்கை குபெல்காவும் முங்க்கும் 1931-இல் எழுதினார்கள்.

சாயத்தைப் போல நிறம் கலக்கும் மென்பொருள்கள் இப்போது இருக்கின்றன. 2020-இல் வந்த மைபெயிண்ட் 2, ரெபெல்லின் புரோ பதிப்பு இரண்டிலும் மஞ்சளும் நீலமும் பச்சையாகும். கித்தானில் எண்ணெய் வண்ணம் தீட்டிப் பழகியவர்களுக்கு இது பெரிய ஆறுதல். கோடு போட்டுத் தட்டையாக நிறம் நிரப்பும் காமிக்ஸ்காரருக்கு இதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை, கணினிதான் மெதுவாகும்.

அச்சுக்குப் போகும் படம் என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். திரையில் பளீரிடும் பச்சையும் நீலமும் நான்கு மை அச்சில் மங்கிவிடும், ஏனென்றால் அந்த மைகளால் அந்த நிறத்தைக் காட்டவே முடியாது. அச்சில் எப்படி வரும் என்று வரையும்போதே காட்டும் முன்னோட்டம் மென்பொருளில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

எங்கிருந்து வந்த மென்பொருள்?

ஒரு மென்பொருளின் பிறப்பு அதன் சுபாவத்தில் தெரியும். 1990-இல் வந்த ஃபோட்டோஷாப் படங்களைத் திருத்த எழுதப்பட்டது. தேர்வு, நிறத் திருத்தம், அச்சு வசதிகளில் அதன் பலம் அங்கிருந்து வருகிறது. 1991-இல் வெளியான பெயிண்டர் எண்ணெய், கரி, நீர்வண்ணத்தைப் போலச் செய்யவே பிறந்தது. ஜப்பானின் செல்சிஸ் நிறுவனத்தின் கிளிப் ஸ்டுடியோ பெயிண்ட் மங்கா என்னும் ஜப்பானியக் காமிக்ஸ் வரைபவர்களிடமிருந்து வளர்ந்தது. ஆகவே கட்டம் பிரிப்பது, வரைந்தபின் கோட்டின் தடிமனை மாற்றுவது, குறுக்குக்கோடு வரை மட்டும் அழிப்பது எல்லாம் அதில் இயல்பாக அமைந்திருக்கின்றன.

கோட்டோவியம் வரைபவர் ஒரு சோதனையைத் தவறவிடக் கூடாது. ஒரு வட்டம் வரைந்து, கீழ் லேயரில் நிறம் கொட்டுங்கள். கோட்டுக்கும் நிறத்துக்கும் நடுவே மெல்லிய வெள்ளை இழை தெரியும். நிறத்தை இரண்டு பிக்சல் விரித்து நிரப்பும் வசதி இருந்தால் அது மறையும். வட்டத்தில் ஒரு சின்ன இடைவெளி விட்டு மறுபடி கொட்டிப் பாருங்கள். நிறம் வெளியே கொட்டிவிட்டால், நூறு பக்கக் காமிக்ஸில் அந்த இடைவெளிகளை எல்லாம் நீங்கள்தான் அடைக்க வேண்டியிருக்கும்.

தமிழில் வசனம் எழுதுபவருக்கு மேலும் ஒன்று. எழுத்துக் கருவியில் "கொக்கு" என்று தட்டுங்கள். கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் சரியாக நின்றால் நல்லது. புள்ளி வட்டத்தோடு கொம்பு தனியாக விழுந்தால் அந்த மென்பொருளின் எழுத்து எஞ்சினுக்குத் தமிழ் தெரியவில்லை என்று பொருள். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் அமைப்புகளுக்குள் போய் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து எஞ்சினைத் தேர்ந்தால் சரியாகும். அப்படி எதுவும் இல்லாத மென்பொருளில் படத்தை மட்டும் வரைந்து, வசனத்தை வேறிடத்தில் வைப்பதே வழி.

படம் வெளியே போகும்போது

இது கடைசிச் சோதனை. பெரும்பாலானோர் இதைச் செய்வதில்லை. வேலையை ஒப்படைக்கும் நாளில்தான் தெரிந்துகொள்கிறார்கள். ஒரு சிறிய படத்தில் ஒரு லேயர் குழு, லேயரின் ஒரு பகுதியை மறைக்கும் ஒரு முகமூடி, கீழ் லேயரின் எல்லைக்குள் அடங்கும் ஒரு லேயர், கீழுள்ள நிறத்தைக் கருக்கும் மல்டிப்ளை முறையில் ஒரு நிழல், ஒரு வரி எழுத்து ஆகியவற்றை வையுங்கள். அதை ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பாகவும், தட்டையான பிஎன்ஜி கோப்பாகவும் சேமியுங்கள். பிஎஸ்டியை வேறொரு மென்பொருளில் திறந்து பிஎன்ஜியின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்து திருத்த முடியாத படமாக மாறியிருக்கலாம், நிழலின் அடர்த்தி மாறியிருக்கலாம். எது உடைகிறது என்று தெரிந்துவிட்டால் அந்த லேயரை ஒப்படைக்கும் முன் ஒன்றாக்கிவிடலாம். பிஎஸ்டிக்கு 30,000 பிக்சல், 2 ஜிபி என்று எல்லையும் உண்டு. பெரிய பதாகைகளில் அது இடிக்கும்.

அதே சோதனைப் படத்தில் சேமிக்காமல் சில தீற்றல்கள் போட்டு, தானியங்கிச் சேமிப்புக்கான நேரம் கடந்ததும் மென்பொருளை வலுக்கட்டாயமாக மூடுங்கள். மறுபடி திறந்தால் எவ்வளவு திரும்பி வருகிறது? பத்து நிமிட வேலை போகலாம் என்றால் அமைப்புகளில் அதை இரண்டு நிமிடமாக்குங்கள். மின்சாரம் அடிக்கடி போகும் ஊரில் மேசைக் கணினியில் வரைபவர், பிரஷ்களைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது.